புட் ஆஃப், ரைட் ஆஃப், போக்கெழுது

கடலூர் ஓ.டி.யில் இருந்து சிதம்பரம் போகும் காலை பஸ். ஜன்னல் ஓரமாக ஒரு பையன். பி.காம். கடைசி வருடம். போட்டிருப்பது அண்ணனுடைய வெள்ளைச் சட்டை, தோள்பட்டை கொஞ்சம் இறங்கி நிற்கிறது. மடியில் பிளாஸ்டிக் ஃபைல். பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். அன்றைக்குத்தான் அவனுக்கு வாழ்க்கையில் முதல் இண்டர்வியூ.

முதல் கேள்வி கணக்கில் வந்தது. ஒரு கடன் இனி வரவே வராது என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? பையன் யோசிக்கவே இல்லை. "வீ ஹேவ் டு ரைட் இட் ஆஃப், சார். பேட் டெட்ஸ் அக்கவுண்ட் டெபிட், டெட்டார்ஸ் அக்கவுண்ட் கிரெடிட்." எதிரில் இருந்த மூன்று பேரும் தலையாட்டினார்கள். அடுத்து இரண்டு கேள்வி, அதுவும் சரி.

பிறகு நடுவில் இருந்தவர் கொஞ்சம் சகஜமாகப் பேசலாம் என்று நினைத்தாரோ என்னவோ, நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "ஸோ, வாட் புட்ஸ் யூ ஆஃப்?"

பையனுக்கு மூன்று சொல்லும் தனித்தனியாகத் தெரியும். புட் என்றால் வை. யூ என்றால் நீ. ஆஃப் என்றால்... ஆஃப். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றுமே கிடைக்கவில்லை. கடிகாரம் ஓடுகிறது. வீட்டில் அம்மா தினமும் சொல்வது ஞாபகத்துக்கு வந்தது. "ஐ புட் ஆஃப் த லைட் அண்ட் ஃபேன், சார். டெய்லி."

மூன்று பேரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. வயதில் பெரியவர் ஒருவர், "பரவாயில்ல தம்பி, கரண்ட்டாவது மிச்சம்" என்றார். வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களுக்கும் கேட்டுவிட்டது. வேலை கிடைக்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அரை மணி நேரத்துக்குள் அந்தப் பையன் ஒரு "ஆஃப்"பைத் துல்லியமாகச் சொன்னான், இன்னொரு "ஆஃப்"பில் விழுந்தான். முதல் பதிலில் "இட்" என்ற சொல்லை ரைட்டுக்கும் ஆஃப்புக்கும் நடுவில் வைத்தானே, அதுகூட இலக்கணப்படி மிகச் சரி. "ரைட் ஆஃப் இட்" என்று யாரும் சொல்வதில்லை. அவனுக்கு அந்த விதி தெரியாது. கணக்கு வாத்தியார் வாயில் கேட்டதை அப்படியே சொன்னான், அவ்வளவுதான். தெரிந்த ஆஃப்புக்கும் தெரியாத ஆஃப்புக்கும் என்ன வித்தியாசம்?

இந்த ஜாதிச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் ஃபிரேசல் வெர்ப் என்று பெயர். லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர் 1925-ல் எழுதிய புத்தகத்தில் இந்தப் பெயரைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பெயர்தான் புதுசு, தலைவலி பழசு. 1755-ல் அகராதி போட்ட சாமுவேல் ஜான்சனே, வினையோடு ஒரு சின்னச் சொல் ஒட்டியதும் பொருள் மாறிப்போவது வெளிநாட்டுக்காரர்களுக்குப் பெரிய கஷ்டம் என்று முன்னுரையில் சொல்லிவிட்டார். ஒரு சின்ன வினை: கெட், புட், டேக், கோ, கம். அதற்குப் பின்னால் ஒரு வால்: அப், ஆஃப், அவுட், ஆன், இன். சேர்ந்ததும் இரண்டிலும் இல்லாத ஒரு பொருள் பிறக்கிறது.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2007-ல் கார்ட்னர், டேவிஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், 10 கோடி சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் ஆங்கிலத் தொகுப்பு ஒன்றை எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். வெறும் 20 வினைகள், வெறும் 8 வால்கள். இவற்றின் சேர்க்கையே அந்தத் தொகுப்பில் வரும் ஃபிரேசல் வெர்ப்களில் பாதிக்கு மேல் வந்துவிடுகிறது! ஆயிரக்கணக்கில் மனப்பாடம் செய்ய வேண்டாம். கெட்ட செய்தி என்னவென்றால், அதிகம் வரும் நூறை எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக ஐந்துக்கு மேல் பொருள். புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடு என்றும் ஆகும், வெறுக்க வை என்றும் ஆகும். நம்ம ஊரில் விளக்கை அணை என்றும் ஆகும்.

பள்ளிக்கூடங்களில் இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. ரென் அண்ட் மார்ட்டின். 1930-களில் வந்து இன்றைக்கும் விற்கிற இலக்கணப் புத்தகம். இதை எழுதிய ரென், பம்பாய் மாகாணத்துக் கல்வித்துறையில் இருந்தவர், பிறகு பாலைவனப் போர்வீரர் கதைகள் எழுதிப் பேர் வாங்கினார். அந்தப் புத்தகத்தில் எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தப் பிரிபொசிஷன் என்று வரிசை வரிசையாகப் போட்டிருக்கும். வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தால் பரீட்சையில் கோடிட்ட இடத்தை நிரப்பலாம். பேசும்போது யாரும் கோடிட்ட இடம் விட்டுப் பேசுவதில்லையே.

சரி, தமிழ்ப் பையன்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்? அதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. "ஹீ இஸ் ஆங்ரி ஆன் மீ" என்று ஒருவன் சொன்னால் அவன் மண்டைக்குள் "என் மேல கோபம்" ஓடுகிறது. மேல் என்றால் ஆன். எவ்வளவு நியாயம்! ஆங்கிலம் அங்கே வித் கேட்கிறது. "மேரீட் வித்" என்பவன் "அவளோடு கல்யாணம்" என்பதை அப்படியே தூக்கி வைக்கிறான். "வீ டிஸ்கஸ்ட் அபவுட் இட்" என்பது "அதைப் பற்றி விவாதித்தோம்". இதில் அவன் மேல் பாதித் தப்புதான். டிஸ்கஷன் என்று பெயர்ச்சொல்லாக வந்தால் அபவுட் வரலாம், டிஸ்கஸ் என்று வினையாக வந்தால் கூடாது. ரிக்வெஸ்ட்டும் அப்படியே, பெயரானால் ஃபார் உண்டு, வினையானால் கிடையாது. தமிழில் "பற்றி விவாதித்தோம்", "பற்றிய விவாதம்" இரண்டும் உண்டு. பழக்கம் சும்மா விடுமா?

இதைவிட வேடிக்கை என்டர். வகுப்புக்குள் நுழைந்தால் "என்டர் த கிளாஸ்", இண்டு போட்டால் தப்பு. பிசினஸ் லா பேப்பரில் ஒப்பந்தம் செய்தால் "என்டர் இண்டு எ கான்ட்ராக்ட்", இண்டு போடாவிட்டால் தப்பு. சுவர், கதவு எல்லாம் இருக்கிற வகுப்புக்கு "உள்" வேண்டாமாம், வெறும் காகிதத்துக்கு வேண்டுமாம்!

தமிழ் மட்டும் ரொம்ப ஒழுங்கு என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வேற்றுமை வர வேண்டிய இடத்தில் இன்னொன்று வந்து உட்காருவதை வைத்தே தொல்காப்பியம் தனியாக ஓர் இயல் எழுதியிருக்கிறது, வேற்றுமை மயங்கியல் என்று. "நாய்க்குப் பயம்", "நாயைப் பார்த்துப் பயம்", "நாயிடம் பயம்" என்று ஒரே நாய்க்கு மூன்று விதமாகப் பயப்படுகிறோம். தமிழ் கற்க வரும் ஒரு வெள்ளைக்காரர் எதற்கு "கு", எதற்கு "ஐ" என்று கேட்டால் சொல்வதற்கு நம்மிடம் என்ன பதில் இருக்கிறது? காது சொல்லும், அவ்வளவுதான்.

இண்டர்வியூ முடிந்து திரும்பும்போதும் அதே ரூட் பஸ். பி.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கண்டக்டர் "எறங்கு, எறங்கு, ஏறு, ஏறு" என்கிறார். தமிழுக்கு இங்கே வாலே தேவையில்லை. மேலே போவது ஏறு, கீழே வருவது இறங்கு, உள்ளே போவது நுழை. திசை வினைக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலம் கெட் என்ற ஒரே மாட்டை வைத்துக்கொண்டு ஆன், ஆஃப், இன், அவுட் என்று வண்டியை மாற்றி மாற்றிப் பூட்டுகிறது. அதனால்தான் நம்மவர்கள் பஸ்ஸில் இருந்து "கெட் டவுன்" ஆகிறார்கள். பஸ் உயரமாக இருக்கிறது, இறங்குவது கீழே, பின்னே டவுன் இல்லாமல்? லண்டனில் இருப்பவர் "கெட் ஆஃப்" ஆகிறார்.

ஆனால் தமிழில் இந்த வால் வித்தையே கிடையாது என்று சொன்னால் அது சுத்தப் பொய். எதிர்பார் என்பதைப் பிரித்துப் பாருங்கள். எதிர், பார். யாராவது எதிரே நின்று பார்க்கிறார்களா? முன்வை: முன்னால் வை. ஆங்கிலத்தில் புட் ஃபார்வர்ட். வெளியிடு: வெளியே இடு. பிரிங் அவுட். பின்வாங்கு: பேக் அவுட். மேற்கொள்: டேக் அப். புறப்படு: செட் அவுட். இதெல்லாம் அச்சு அசல் ஃபிரேசல் வெர்ப் இல்லாமல் வேறென்ன? ஒரே வித்தியாசம், ஆங்கிலம் வாலைப் பின்னால் கட்டுகிறது, தமிழில் வினை கடைசியில் வருவதால் வால் முன்னால் வந்துவிடுகிறது. கீழ்ப்படி என்கிறோம். அதில் படி எங்கே இருக்கிறது, யார் இறங்கினார்கள்? யாரும் கேட்பதில்லை. ஒரே சொல்லாகத்தான் மனசில் பதிந்திருக்கிறது.

ஒன்றுக்கு இரண்டு பொருள் வந்தாலும் குழம்புவதில்லை. வகுப்பில் பாடத்தை "உள்வாங்கு" என்றால் மனசில் வாங்கு. தேவனாம்பட்டினத்தில் கடல் "உள்வாங்குது" என்றால் ஓடு! 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு அந்தக் கரையில் இதைச் சின்னக் குழந்தைக்கும் விளக்க வேண்டியதில்லை.

பின்னால் கட்டும் வாலும் தமிழில் உண்டு. சாப்பிட்டுவிடு, தூங்கிப்போ, எழுதித்தள்ளு, சொல்லித்தொலை. இலக்கணத்தில் துணைவினை என்பார்கள். எழுதித்தள்ளியவன் எதையும் கையால் தள்ளவில்லை. நடுவில் இடைச்செருகலும் செய்யலாம். போய்விட்டான், போயே விட்டான். பையன் சொன்ன "ரைட் இட் ஆஃப்"பில் "இட்" எப்படி நடுவில் புகுந்ததோ, ஏறக்குறைய அப்படி இந்த "ஏ".

இதற்கு மேல் ஒரு சாட்சி வேண்டுமானால் வீட்டு சுவிட்ச் போர்டில் இருக்கிறது. "லைட்டை ஆஃப் பண்ணு". ஆங்கிலத்தில் ஸ்விட்ச் ஆஃப், டர்ன் ஆஃப். தமிழ் வாய் என்ன செய்தது? ஸ்விட்சையும் டர்னையும் தூக்கிப் போட்டுவிட்டு ஆஃப்பை மட்டும் எடுத்துக்கொண்டது. வினைக்கு நம்ம "பண்ணு" இருக்கிறது. சாரம் வாலில்தான் இருக்கிறது என்று இலக்கணம் படிக்காத பாட்டிக்கும் காது சொல்லியிருக்கிறது.

இப்போது பையன் சரியாகச் சொன்ன அந்த முதல் பதிலுக்கு வருவோம். பிளஸ் டூ கணக்குப்பதிவியலைத் தமிழில் படித்தவர்களுக்கு ஒரு சொல் தெரிந்திருக்கும்: போக்கெழுதுதல். வாராக்கடன் போக்கெழுதப்பட்டது. ரைட் ஆஃப் என்பதைத் தமிழாக்கியவர் யாரோ, ரைட்டுக்கு "எழுது", ஆஃப்புக்கு "போக்கு" என்று இரண்டையும் விடாமல் கொண்டுவந்து, தமிழ் முறைப்படி வாலை முன்னால் திருப்பி வைத்திருக்கிறார். எவ்வளவு அழகான வேலை! பேரேட்டில் இருப்பு கீ/இ, இருப்பு கீ/கொ என்று எழுதுவோமே, அதுவும் இதே கதை. கீழிறக்கியது, கீழ் கொண்டுவந்தது. பி.காம். வந்ததும் அதுவே கேரீட் டவுன், பிராட் டவுன் ஆகிறது. காமர்ஸ் பையன் மூன்று வருடமாக இவற்றோடுதான் குடும்பம் நடத்துகிறான். செட் ஆஃப், கேரி ஃபார்வர்ட், பெய்ட் அப் கேப்பிட்டல், டேக் ஓவர், பை பேக், வைண்ட் அப். அப் என்றால் மேலே என்று நினைத்தவன் வைண்ட் அப்பில் கம்பெனியையே இழுத்து மூடியிருக்கிறான். பெய்ட் அப்பில் இருக்கும் அப்புக்கும் "மேலே"க்கும் சம்பந்தமே இல்லை, அது "கட்டி முடித்துவிட்டேன்" என்கிற "முடி", "விடு". ஃபிரேசல் வெர்ப் வராது என்று பயப்படும் காமர்ஸ் மாணவனைப் பார்த்தால், தண்ணீரைக் கண்டு பயப்படும் மீன் ஞாபகம்தான் வர வேண்டும் :-)

இன்னொன்று. கடலூருக்கு ஆங்கிலம் வந்ததே வியாபாரத்தோடுதான். 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் சேர்த்தி என்று பேச்சு. குண்டு கிராமங்கள் என்று அவற்றுக்குப் பெயரே வந்துவிட்டது. புனித டேவிட் கோட்டை என்று பெயர் மாற்றிய அந்த இடம் 1746 முதல் 1752 வரை தெற்கே கம்பெனிக்குத் தலைமையிடம். அங்கே உட்கார்ந்தவர்கள் துணி வாங்கி, விலை எழுதி, வரவு செலவு பார்த்தவர்கள். கவிதை ஆங்கிலத்துக்கு முன்னால் இந்த ஊர் பார்த்தது கணக்குப்பிள்ளை ஆங்கிலத்தை.

கவிதை ஆங்கிலம் வேண்டுமென்றால் சிதம்பரம் போக வேண்டும். 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர் சீனிவாச சாஸ்திரி. வலங்கைமானில் பிறந்து, பள்ளிக்கூட வாத்தியாராக ஆரம்பித்து, வெள்ளி நாக்குக்காரர் என்று ஆங்கிலேயரிடமே பேர் வாங்கியவர். காந்தியின் சுயசரிதையை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார் அல்லவா, அதன் 1940 பதிப்பு முன்னுரையில், மொழிநடையைப் பார்த்துத் திருத்தித் தந்த ஒரு பெரியவர் தம் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றுவிட்டார் என்று தேசாய் எழுதியிருப்பார். அந்தப் பெரியவர் சாஸ்திரிதான் என்பது பிறகு தெரிந்தது. தேசாயின் ஆங்கிலத்துக்கே திருத்தம் தேவைப்பட்டிருக்கிறது. திருத்தியவர் சிரித்ததாகத் தகவல் இல்லை.

நம்ம ஆங்கிலம் எல்லாமே தப்பா என்றால், அதையும் அப்படிச் சொல்லிவிட முடியாது. "ஐ பாஸ்டு அவுட் இன் 2022" என்று ரெஸ்யூமேயில் போட்டால் லண்டன்காரர் 2022-ல் மயங்கி விழுந்தான் போலிருக்கிறது என்று நினைப்பார். ஆனால் பரங்கிமலை ராணுவ அகாடமியில் பயிற்சி முடித்து வெளியேறும் நாளுக்குப் பாசிங் அவுட் பரேடு என்றுதான் பெயர், அந்த வழக்கு இங்கிலாந்து ராணுவத்தில் இருந்தே வந்தது. கெட் டவுனும் இந்தியா முழுக்க ஓடுகிறது, யாருக்கும் புரியாமல் போவதில்லை. கோப் அப் வித் மட்டும் கொஞ்சம் பாவம், கீப் அப் வித், புட் அப் வித் இரண்டின் சகவாசத்தில் ஒரு அப் கூடுதலாக ஒட்டிக்கொண்டது போல. பேசும்போது பரவாயில்லை. இண்டர்வியூவில் எதிரில் இருப்பவர் கையில் பேனா இருக்கிறது, அங்கே கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பதில் தப்பில்லை.

அந்தப் பையன் பிறகு ஒரு நோட்டு போட்டான். நீளக் கணக்கு நோட்டு, நடுவில் கோடு. இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ். லுக் ஆஃப்டர், பார்த்துக்கொள். கிவ் அப், கைவிடு. கேரி அவுட், செய்துமுடி. தனித்தனிச் சொல்லுக்குப் பொருள் எழுதுவதில்லை, முழுசுக்கு முழுசு. டேலி ஆகாதவற்றுக்கு வலது பக்கம் காலியாக இருக்கும்.

ஒருநாள் சிதம்பரத்தில் இருந்து திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த வகுப்புத் தோழன் அதைப் பிடுங்கிப் பார்த்தான்.

"என்னடா, பஸ்ல லெட்ஜரா? இது என்ன, புட் ஆஃப்புக்கு எதிர்ல ஒண்ணும் இல்ல?"

"தள்ளிப்போடுங்கறது தெரியும். அவங்க கேட்டது வேற. வாட் புட்ஸ் யூ ஆஃப்னு."

"அது வெறுத்துப்போச்சு தான்டா. எதைப் பார்த்தா உனக்கு வெறுத்துப்போகும்னு கேட்டிருக்காங்க."

பையன் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தான். வெறுத்துப்போ. மேலே நாலு வரி தள்ளி, ரைட் ஆஃப், போக்கெழுது. இரண்டிலும் ஆஃப்புக்கு நேராக ஒரே "போ". பேனாவை எடுத்து இரண்டுக்கும் அடியில் கோடு போட்டான்.

"சரி, இப்ப சொல்லு. வாட் புட்ஸ் யூ ஆஃப்?"

"தப்பா பேசினா சிரிக்கிறது."

"இங்கிலீஷ்ல சொல்லுடா."

"பீப்பிள் லாஃபிங்..." பையன் நிறுத்தினான். "லாஃபிங் ஆன் மீயா, லாஃபிங் அட் மீயா?"

"அட்."

"ஏன் அட்?"

"கீழ்ப்படில படி எங்க இருக்குன்னு கேட்டியா?"

பஸ் பழைய ஊருக்குள் திரும்பியது. கண்டக்டர் பின்படிக்கட்டில் தொங்கிக்கொண்டு குரல் கொடுத்தார். "ஓ.டி. வந்தாச்சு, எறங்குறவங்கல்லாம் எறங்கு!" இரண்டு பேரும் இறங்கினார்கள்.